பாதுகாப்பு, பாதுகாப்பு மற்றும் பாதுகாப்பு

ஜூன் 3

இன்று காலைக் கூட்டத்தில் பரிமாறப்பட்ட உளுந்து வடையைப் பிழிந்தால், சங்குத்தேரி அணுமின் நிலையத்தின் இரண்டு டர்பைன்களுக்கும் ஆறு மாதத்துக்கு எண்ணெய் போடலாம். எனக்கு முன்னால் வைத்திருந்த தட்டைப் பார்த்தே குமட்டியது. ஆனாலும் ஒன்றைத் தின்றேன். எதையும் தெரிந்துகொண்டுதான் வெறுக்க வேண்டும் என்பது என் கொள்கை.

கூட்டம் எதற்கென்றால், ஒரு குழு அமைக்க. எங்கள் நிலையத்தில் சேஃப்டி, செக்யூரிட்டி, சேஃப்கார்ட்ஸ் என்று மூன்று பிரிவுகள் உண்டு. இயந்திரம் மனிதனைக் கொன்றுவிடாமல் பார்ப்பது முதலாவது. மனிதன் இயந்திரத்தைக் கெடுத்துவிடாமல் பார்ப்பது இரண்டாவது. வந்த யுரேனியத்தில் ஒரு கைப்பிடியை நாமே ஒளித்துவைத்துக் குண்டு செய்யவில்லை என்று உலகத்துக்குக் காட்டுவது மூன்றாவது. மூன்று பிரிவுகளும் ஒன்றோடொன்று பேசுவது கிடையாது. சம்பந்திச் சண்டையாவது முதல் பேரப்பிள்ளை பிறந்ததும் தீரும். இது அடிக்கல் நாட்டிய அன்று ஆரம்பித்தது. ஆகவே மூன்றையும் ஒருங்கிணைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

குழுவின் பெயரைத் தமிழில் எழுதும் பொறுப்பு, இந்த ஆயிரம் ஏக்கர் சாம்ராஜ்யத்தின் ஒரே மொழிபெயர்ப்பு உதவியாளனும், இன்னும் நான்கு மாதத்தில் மாலை மரியாதையோடு ஓய்வு பெறப்போகிறவனுமான ஆவுடைநாயகத்திடம், அதாவது என்னிடம், வந்து சேர்ந்தது. அகராதியைப் பிரித்தேன். மூன்றுக்கும் பாதுகாப்பு என்றே போட்டிருந்தது. மூன்று மாப்பிள்ளைகளுக்கு ஒரே வேட்டி. புதிதாக நெய்துகொடுக்க நான் என்ன தறியா வைத்திருக்கிறேன்? 'பாதுகாப்பு, பாதுகாப்பு மற்றும் பாதுகாப்பு ஒருங்கிணைப்புக் குழு' என்று எழுதி நீட்டினேன். நிலைய இயக்குநர் வடக்கத்தியர். தமிழ் எழுத்தெல்லாம் அவருக்கு ஜிலேபி. அழகாக இருக்கிறது என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டார்.

உலகம்மைதான் முகத்தைச் சுளித்தாள். என் அக்கா மகள். மூன்றாவது பாதுகாப்பான சேஃப்கார்ட்ஸுக்கு அவள்தான் அதிகாரி. வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்தால் அவள் பின்னால்தான் நடப்பார்கள். உலகம்மை என்று பெயர் வைத்தது நான். அப்போதே எனக்குத் தெரிந்திருக்கிறது.

"மாமா, இது என்ன கேலியா? மூணுக்கும் மூணு வார்த்தை போடுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா, எந்தப் பாதுகாப்புன்னு யாருக்குத் தெரியும்?"

"போட்டுருவோம்ளா. தமிழ்ல சொல்லுக்கா பஞ்சம்?"

"எப்பம்?"

"இந்த வாரம்."

ஜூன் 5

குடியிருப்பில் எங்கள் வீட்டுக் கழிவுத் தொட்டி நிரம்பி வழிகிறது. அந்த நாற்றத்துக்குக் கை கால் இருந்தால் தேர்தலில் நின்று ஜெயித்திருக்கும். மனு எழுதினேன். சுகாதாரப் பிரிவு, இது கட்டடப் பிரிவின் வேலை என்றது. கட்டடப் பிரிவு, இது சுகாதாரம் என்றது. என் மனைவி பூரணம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நீங்க எழுதுனா ஒரு காக்காகூடப் பறக்காது" என்றாள்.

ஜூன் 9

ஒரே நாளில் மூன்று பலகைகளுக்கு வாசகம் கேட்டு மூன்று பிரிவிலிருந்தும் தாள் வந்தது. மூன்றும் ஒரே கதவுக்கு. புதிய எரிபொருள் கிடங்கின் பின்கதவு அது.

சேஃப்டி தலைவர் சிதம்பரதாணு அனுப்பியது: ஒரு கிடங்குக்கு இரண்டு வழி இருக்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே பின்கதவை அவசர வழியாக அறிவித்துப் பலகை வேண்டும். எழுதினேன்: 'பாதுகாப்புக் கதவு. ஆபத்து நேரத்தில் இவ்வழியே வெளியேறவும்.'

மதியம் செக்யூரிட்டி தலைவர் மேஜர் தங்கப்பழம் அனுப்பியது. பட்டாளத்திலிருந்து வந்தவர், மீசையை மட்டும் அங்கே திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார். பின்கதவு என்றாலே அவருக்குத் திருடன் கண்ணில் தெரிவான். அதில் உள்பக்கமாகப் பெரிய பூட்டு ஒன்று தொங்கவிட்டிருக்கிறார், அதற்குப் பலகை. எழுதினேன்: 'பாதுகாப்புக் கதவு. திறக்கக் கூடாது.'

சாயங்காலம் உலகம்மையின் அலுவலகத்திலிருந்து. அவள் பயிற்சிக்கு மும்பை போயிருக்கிறாள், அவளுடைய குமாஸ்தா அனுப்பியிருக்கிறார். ஆய்வாளர்கள் போன முறை எண்ணிப் பார்த்த பிறகு அந்தக் கதவு வழியாக எதுவும் வெளியே போகவில்லை என்பதற்குச் சாட்சியாக, கம்பி கோத்து ஒரு உலோக முத்திரை போட்டிருக்கிறார்கள். எழுதினேன்: 'பாதுகாப்பு முத்திரை. தொடக் கூடாது.'

மூன்று வாசகம், மூன்று கையெழுத்து, மூன்று நிமிடம். உலகத்தில் எவன் செய்வான்? ஐந்து மணிக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததற்கு வருத்தப்பட்டேன். தொட்டி.

ஜூன் 12

பலகைகளை மாட்டிவிட்டார்கள். பார்க்கப் போனேன். கில்டா அங்கே துடைப்பானோடு நின்று மூன்றையும் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தத் துப்புரவுப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. கடற்கரை ஊர்க்காரி. எழுத்து என்று எங்கே இருந்தாலும் வாசிப்பாள், தீப்பெட்டியைக்கூட விடமாட்டாள்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. ஒரு போர்டு போன்னு சொல்லுது. ஒண்ணு போவாதங்குது. ஒண்ணு தொடவே தொடாதங்குது. எல்லாத்துலயும் பாதுகாப்புன்னுதான் போட்டிருக்கு. நான் எந்தப் பாதுகாப்பு பேச்சைக் கேக்க?"

"மும்மடங்கு பாதுகாப்பு, கில்டா. இந்தப் பக்கம் எமன் வந்தாக்கூட கேட் பாஸ் எங்கன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிருவோம்."

"எமனுக்கு நீங்க சொல்லிக்கிடுங்க. எனக்குச் சொல்லுங்க."

"உனக்கென்ன? பாதுகாப்புன்னு போட்டிருக்குல்லா, பாதுகாப்பா இரு."

அவள் சிரித்தாள். நான் அவளைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தேன்.

ஜூன் 16

குழுவின் முதல் கூட்டம். இரண்டரை மணி நேரம். பெயர்ப்பலகையில் முதலில் இருக்கும் பாதுகாப்பு யாருடையது என்பதில் ஒரு மணி நேரம் போனது.

"மனுச உயிருதான் முதல்ல. அது நாங்க" என்றார் சிதம்பரதாணு.

"வாசல்ல நிக்கவன்தான் முதல்ல. அது நாங்க" என்றார் மேஜர்.

மூன்றும் ஒரே எழுத்து, ஒரே நீளம், ஒரே பெயின்ட். எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. முடிவில் பலகைக்கு அடியில் அம்புக்குறி போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். குறிப்பேட்டில் ஏற்றினோம். பின்கதவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பஜ்ஜி கொடுத்தார்கள். உள்ளே இருந்த வாழைக்காய் எங்களையெல்லாம்விட மூத்தது.

ஜூன் 19

இன்று காலை பத்து இருபதுக்கு எரிபொருள் கிடங்கில் காற்றை உலர்த்தும் இயந்திரத்தின் மோட்டார் கருகிவிட்டது. புகை. மின்சாரம் நின்றது. முன்கதவு மின்சாரத்தில் திறப்பது. மின்சாரம் போனால் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது மேஜரின் ஏற்பாடு, இருட்டைத் திருடன் பயன்படுத்திவிடக் கூடாதாம். கையால் திறக்க இரண்டு சாவி, இரண்டு ஆள் வேண்டும். ஒரு ஆள் டீ குடிக்கப் போயிருந்தார்.

உள்ளே கில்டாவும் மூன்று பெண்களும். அவர்களில் அந்தோணியம்மைக்கு வீசிங் உண்டு.

கில்டா தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிப் பின்கதவின் பூட்டை அடித்திருக்கிறாள். ஐந்து அடியில் பூட்டு தெறித்தது. முத்திரைக் கம்பியும் அறுந்தது. நான்கு பேரும் வெளியே வந்து மணலில் விழுந்தார்கள். எல்லாம் ஏழு நிமிடத்துக்குள். அந்தோணியம்மையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எரிபொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுக்கியது அடுக்கியபடியே இருக்கிறது.

செய்தி வந்தபோது நான் கேன்டீனில் இருந்தேன். சாம்பாரில் ஒரு ஈ நீந்திக்கொண்டிருந்தது. அதைப் பற்றி எழுதலாம் என்றுதான் இன்று நினைத்திருந்தேன்.

ஜூன் 20

அணுமின் நிலையத்தில் முத்திரை அறுந்தால், அறுத்தவனுக்கும் உலகத்துக்கும் நேரடி வழக்கு. உலகம்மை மும்பையிலிருந்து ஓடிவந்து, கிடங்கில் இருக்கும் எரிபொருள் கட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். எண்ணி முடித்து, முத்திரை ஏன் அறுந்தது என்று காரணத்தோடு வெளிநாட்டுக்கு எழுத வேண்டும்.

மேஜரிடம் காரணம் தயாராக இருக்கிறது. "திறக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு. வாசிக்கத் தெரிஞ்சவ. வாசிச்சிட்டே உடைச்சிருக்கா. இது நாசவேலை." கில்டாவின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். விசாரணையில் குற்றம் என்று வந்தால் போலீஸ் வழக்கு. அதற்குப் பிறகு இந்த நிலையம் மட்டுமல்ல, எந்த வாசலிலும் அவளை உள்ளே விடமாட்டார்கள். அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில்.

கதவைப் பார்க்கப் போனேன். மேஜரின் பலகை மட்டும் இருந்தது. முத்திரைப் பலகையைச் சாட்சியாக உலகம்மை கழற்றி எடுத்திருக்கிறாள். சிதம்பரதாணுவின் பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளை. உடம்பெல்லாம் கூசியது. செத்த எலியை மிதித்தாலும் இப்படி இருக்காது.

துளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சிதம்பரதாணுவே வந்து தோளில் கை போட்டார். அந்தக் கை ஈரமாக இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க நினைக்க மாதிரி இங்கன வேற போர்டு எதுவும் இருந்துச்சா?"

"நான் என்ன நினைக்கேன்?"

"அதான் கேக்கேன். பூட்டுன கதவுல வெளியே போற போர்டு வைக்க எனக்குக் கிறுக்கா? இன்னும் நாலு மாசம். நல்லபடியா மாலையப் போட்டுட்டுப் போவணும்லா?"

என் சட்டையைத் துவைக்கப் போட்டேன்.

ஜூன் 21

கில்டாவின் வாக்குமூலத்தைத் தமிழில் பதிவு செய்து என்னிடம் கொடுத்தார்கள். இயக்குநருக்காக ஆங்கிலத்தில் ஆக்க வேண்டும். ஒன்றரைப் பக்கம்.

அவள் சொன்னது: 'அந்தக் கதவுல பாதுகாப்புக் கதவுன்னு போட்டிருந்துச்சி. அதை நம்பித்தான் உடைச்சேன்.' இந்த இடத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளன் படும் பாட்டை உலகம் அறியாது. எந்தப் பாதுகாப்பு? இப்போது கதவில் இருக்கும் ஒரே பலகை மேஜருடையது. அதன்படி செக்யூரிட்டி என்று போட்டேன். அது செக்யூரிட்டி கதவு என்று வாசித்தேன், உடைத்தேன், என்று வந்தது. இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. மொழிபெயர்ப்பாளன் கண்ணால் கண்டதைத்தானே எழுத முடியும்?

நடுவில் இருந்த ஒரு வரி விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. சுருக்கம் கருதி விட்டுவிட்டேன்.

பூரணம் அவியல் வைத்திருந்தாள். அந்த நாற்றத்தில் சாப்பிட முடியவில்லை. இந்தக் கழிவுத் தொட்டிக்கு ஒரு முடிவு கட்டியே ஆக வேண்டும்.

ஜூன் 23

லாரி வந்து தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டது. தெருவில் நாற்றமே இல்லை. குழந்தைகள் வெளியே விளையாடுகின்றன.

"இன்னும் என்ன? சோறு இறங்கலையா?" என்றாள் பூரணம்.

"மூக்குல ஒட்டிக்கிட்டுது."

"எங்க மூக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு."

ஜூன் 24

கில்டா வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். பாஸ் இல்லாததால் உள்ளே விடவில்லை. அலுவலகப் பக்க வாசல் வழியாகப் போனேன். சுற்றுத்தான். இரண்டு கிலோமீட்டர் நடை உடம்புக்கு நல்லது.

ஜூன் 25

மாலை ஆறு மணிக்கு உலகம்மை வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பூரணம் காப்பி கொண்டுவந்தாள். வேண்டாம் என்றாள். அவள் எங்கள் வீட்டுக் காப்பியை வேண்டாம் என்றது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

கையில் இரண்டு தாள். ஒன்று கில்டாவின் தமிழ், ஒன்று என் ஆங்கிலம்.

"மாமா, கட்டு எல்லாம் எண்ணியாச்சு. ஒண்ணும் குறையல. முத்திரை ஏன் அறுந்துச்சின்னு நான் எழுதணும். இதை வச்சித்தான் எழுதணும்."

"எழுது."

"இதுல அவ செக்யூரிட்டி கதவுன்னு தெரிஞ்சே உடைச்சான்னு இருக்கு. அவ அப்படியா சொன்னா?"

"அந்தச் சொல்லுக்கு அதுதாம்ளா அர்த்தம்."

"அந்தச் சொல்லுக்கு மூணு அர்த்தம். நான் உங்கள்ட்ட மூணு வார்த்தை கேட்டேன். இந்த வாரம்னிய."

நான் குழு, வடை, தொட்டி என்று எதையோ பெரிதாக ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். தமிழ்த் தாளில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து வாசித்தாள்.

"'போர்டு மாட்டுன அன்னைக்கே ஆவுடை அண்ணாச்சிகிட்ட எந்தப் பாதுகாப்புன்னு கேட்டேன். அவிய சிரிச்சிக்கிட்டுப் போயிட்டாவ.' இது இங்கிலீசுல எங்க மாமா?"

பூரணம் அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள். இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். சோற்றில் கிடக்கும் பல்லியைப் பார்ப்பதுபோல.

"சிதம்பரதாணு சாரு அந்த போர்டே இல்லங்காவ. அவிய கையெழுத்துப் போட்ட தாளு உங்க ஃபைல்ல இருக்கும்லா?"

"இருக்கு."

"நாளைக்கு பத்து மணிக்கு விசாரணை. நீங்களே மாத்திக் குடுத்தா நல்லது. இல்லன்னா நான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சி வாசிப்பேன். மாமான்னு பாக்கமாட்டேன்."

போய்விட்டாள். காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. பூரணம் அதை எடுத்துக் கொட்டினாள்.

ஜூன் 26

பத்து மணிக்குப் போனேன். கோப்பைக் கொண்டுபோனேன்.

இயக்குநர், சிதம்பரதாணு, மேஜர், உலகம்மை. கில்டா கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில். விசாரணை முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது, இங்கே நான்தான் தமிழில் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழில் சொல்வது என் வேலை.

நான் எழுந்து, இருபத்தொன்றாம் தேதி நான் கொடுத்த ஆங்கிலம் தவறு என்றேன். மூன்று தாள்களையும் மேசையில் வைத்தேன். ஒரே கதவுக்கு மூன்று பிரிவும் ஒரே நாளில் பலகை கேட்டிருக்கிறார்கள், மூன்றிலும் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லைப் போட்டவன் நான், ஒன்று வெளியேறச் சொல்கிறது, ஒன்று திறக்காதே என்கிறது என்றேன். அவள் நம்பியது முதல் பலகையை.

"அது டிராஃப்ட்தான். மாட்டவே இல்ல" என்றார் சிதம்பரதாணு.

அடுத்த தாளை வைத்தேன். மாட்டச் சொல்லி அவர் கையெழுத்திட்ட உத்தரவு, தேதியோடு. அவர் தண்ணீர் குடித்தார்.

மேஜர் என் பக்கம் திரும்பினார். "எது எப்படி இருந்தாலும் திறக்கக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சில்லா? அது பொய்யா?"

உலகம்மை அவருக்குப் பதில் சொன்னாள். "சார், உங்க போர்டும் மெய்தான், அவிய போர்டும் மெய்தான். எங்க முத்திரை வேற. நாம மூணு பேரும் ஒரு தடவையாவது ஒண்ணா அந்தக் கதவு முன்னால போய் நின்னிருக்கோமா? புகைக்குள்ள நின்னது அவ ஒருத்திதான். அவ எதைத் திறந்திருக்கணும்னு நீங்க சொல்லுங்க."

மேஜர் மீசையைத் தொட்டார்.

விட்டுப்போன வரியையும் ஆங்கிலத்தில் வாசித்தேன். அவள் என்னிடம் முன்பே கேட்டாள் என்பது. இயக்குநர் இதை ஏன் விட்டீர்கள் என்றார். பயந்து என்றேன். அவளுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்றார். ஒரு ஜோக் சொன்னேன் என்றேன். என்ன ஜோக் என்றார். சொன்னேன். ஆங்கிலத்தில் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

கில்டாவுக்கு இதில் எதுவும் புரியவில்லை. எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணாச்சி, என்ன பேசுதாவ? நீங்க என்ன சொன்னிய?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது, கில்டா" என்றேன்.

"அவ்வளவு நேரமா அதையா சொன்னிய?"

"ஆமா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருப்பிய அண்ணாச்சி" என்றாள். உலகம்மை என்னைப் பார்த்தாள். நான் கோப்பைக் கட்ட ஆரம்பித்தேன். நாடா முடிச்சு விழவே இல்லை.

ஜூன் 27

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 1

கில்டா மேல் குற்றமில்லை. பாஸ் கொடுத்துவிட்டார்கள். முத்திரை உயிர் பிழைப்பதற்காக அறுக்கப்பட்டது என்று உலகம்மை வெளிநாட்டுக்கு எழுதிவிட்டாள். பின்கதவில் பூட்டு இல்லை. உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும், திறந்தால் மேஜரின் அறையில் மணி அடிக்கும். முத்திரை, தள்ளினால் தானாக அறுந்து, அறுந்த நேரத்தைக் காட்டும் வகை. மூன்று பேரும் ஒரு மத்தியானம் கதவின் முன்னால் ஒன்றாக நின்று பேசி முடித்தது இது. ஐம்பது நிமிடம் ஆனதாம்.

சொற்களும் வந்துவிட்டன. உலகம்மையே எழுதியது: உயிர்க்காப்பு, காவல், அணுப்பொருள் சரிபார்ப்பு. சாதாரணச் சொற்கள். ஒரு மத்தியானத்தில் நானும் எழுதியிருக்கலாம்.

எனக்குக் குற்றச்சாட்டு மெமோ. மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து எடுத்து நூலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெறும் நாளில் மாலை இருக்காது. சிதம்பரதாணு, மேஜர் இருவருக்கும் ஒருங்கிணைப்பில் முன்மாதிரியாகத் திகழ்ந்ததற்காக மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். பார்த்தபோது வாயில் புளித்த நீர் ஊறியது. துப்பப் போனேன். அந்தக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. விழுங்கிவிட்டு வந்தேன்.

ஜூலை 4

விசாரணைத் தாள்களின் தமிழ்ப் பிரதியைக் கில்டாவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. உலகம்மை அதைத் தமிழாக்கிக் கொடுத்திருக்கிறாள். முழுவதையும். இருபத்தொன்றாம் தேதி நான் எழுதிய ஆங்கிலத்தையும் சேர்த்து.

இன்று மத்தியானம் அரை நாள் விடுப்பு. மூன்றே காலுக்கு டவுன் பஸ்ஸில் ஏறினேன். கூட்டமில்லை. கில்டா எனக்கு முந்தின இருக்கையில் உட்கார்ந்து அந்தத் தாள்களை வாசித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைவது தெரிந்தது. செம்மணல் மேடுகளான தேரி தொடங்கும் இடத்தில் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, தெரிஞ்சே உடைச்சேன்னு நான் சொன்னதா இதுல போட்டிருக்கு. இது நீங்க எழுதுனதா?"

"ஆமா."

"நான் உங்கள்ட்ட கேட்டேன்னு சொன்னதை வெட்டினது?"

"நான்தான்."

"நான் அஞ்சு நாளா வாசல்ல உக்காந்திருந்தேனே. நீங்க அந்தப் பக்க வாசல் வழியா வந்துட்டுப் போனியளே. அது இதுக்கா?"

தலையாட்டினேன். அவள் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். நிதானமாக, மூலை மூலையாகச் சேர்த்து மடித்தாள்.

"நல்லா இருப்பியன்னு உங்களை வாழ்த்துனேன்."

நான் டிக்கெட்டைச் சுருட்டினேன்.

"அந்தோணியம்மைக்கு இன்னும் மூச்சு சரியாவல. அதையும் இங்கிலீசுல எழுதிப் போடுங்க."

எழுந்து முன்னால் போனாள். "அண்ணே, நிறுத்துங்க" என்றாள்.

"எம்மா, உங்க ஊரு இன்னும் வரலியே" என்றார் கண்டக்டர்.

"தெரியும். இறக்கி விடுங்க."

"அடுத்த வண்டி அஞ்சு மணிக்குத்தான் பாத்துக்கிடுங்க."

"நடந்துருவேன்."

கண்டக்டர் விசில் அடித்தார். இறங்கினாள். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெயில், தூசி, ரோட்டோரம் அவள். பஸ் போகும் திசையில்தான் நடந்துகொண்டிருந்தாள். அவள் ஊருக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருந்தது.